மெஷினைக் குறை சொல்லும் முன்: டிக், ஸ்டிக் வெல்டிங் கேள்வி பதில்

குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "மெஷின் சரியில்லை" என்றுதான் ஆரம்பிக்கின்றன. பெரும்பாலும் குற்றவாளி மெஷின் இல்லை. ஒயர், ஈரம், காற்று, துரு, இந்த நாலில் ஒன்றுதான். பதில்கள் எல்லாம் சிங்கிள் பேஸில் ஓடும் 200 ஆம்ப் டிசி இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை வைத்துச் சொன்னவை. டிக் (டார்ச் என்ற கைப்பிடியில் உருகாத டங்ஸ்டன் ஊசி, சுற்றி ஆர்கான் கேஸ்), ஸ்டிக் (ஹோல்டரில் பூச்சுள்ள ராடு) இரண்டும் சேர்ந்த மெஷின்.

இரணியல்: அண்ணாச்சி, வீட்டுக்குப் பின்னால ஷெட்டுல புது இன்வெர்ட்டர் வச்சிருக்கேன். 3.15 ராடு போட்டு டிஸ்ப்ளேல 110 வச்சாலும் ராடு ஒட்டிக்கிட்டே இருக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல சுத்தமா ஓடல. டூப்ளிகேட் மெஷினா?

கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். ராடு எரிந்துகொண்டிருக்கும்போது ஷெட் சாக்கெட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது 225 காட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

110 ஆம்ப் ஸ்டிக் என்றால் ஆர்க்கில் சுமார் 24 வோல்ட். கணக்குப் போட்டால் மெஷின் ஈ.பி. லைனிலிருந்து 18 முதல் 20 ஆம்ப் வரை இழுக்கும். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் 30 மீட்டர் இழுத்திருந்தால் வழியிலேயே 14 வோல்ட் போய்விடும். சாயங்காலம் லைன் வோல்டேஜே இறங்கி இருக்கும்போது இதுவும் சேர்ந்தால் ஆர்க் எப்படி நிற்கும்? அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. காப்பர் போட்டால் இழப்பு ஐந்தரை வோல்ட்தான். 16 ஆம்ப் பிளக்கை விட்டுவிட்டு 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், அதற்குத் தனி எம்.சி.பி., தனி எர்த் என்று போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சூடேறி இன்சுலேஷன் உருகும். முழுக்க அவிழ்த்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

அப்புறம் ஹோல்டர் கேபிள், எர்த் கிளாம்ப் இரண்டையும் பத்து நிமிட வேலைக்குப் பிறகு கையால் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு இடம் மட்டும் சுட்டால் அங்கே லக் (கேபிள் முனை இணைப்பு) லூஸ். கிளாம்ப் கடிக்கும் இடத்தில் பெயின்ட், துரு இருந்தால் கிரைண்டரால் வெள்ளையாகத் தேய்த்த பிறகு மாட்டுங்கள்.

மார்த்தாண்டம்: 18 கேஜ் சதுர பைப்புல கேட் அடிக்கும்போது ஓட்டை ஓட்டையா விழுது. 2.5 ராடு 80-ல வைக்கேன்.

18 கேஜ் என்பது 1.2 மி.மீ. தகடு, 80 அதற்கு ரொம்ப அதிகம். 2 மி.மீ. 6013 ராடு (சாதாரண இரும்பு வேலை ராடு) வாங்கி 40-ல் தொடங்குங்கள். 2.5-தான் கையில் இருக்கிறது என்றால் 55 போதும். ஹோல்டரை மைனஸில் மாட்டுங்கள். 6013 பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஓடும், மைனஸில் ஆழம் குறையும். செங்குத்தாக நிற்கும் ஜாயின்ட்டை மேலிருந்து கீழே இறக்குங்கள். வெட்டு சரியில்லாமல் 3 மி.மீ. சந்து விட்டுவிட்டு ராடால் அடைக்கப் பார்த்தால் எந்த ஆம்பியரிலும் ஓட்டைதான். கட்டிங் வீலில் கோணம் சரியாக வெட்டுவதில்தான் பாதி வேலை இருக்கிறது.

கருங்கல்: மழைக்காலத்துல ராடு சடசடன்னு தெறிக்குது, வெல்டுல பொத்தல் பொத்தலா வருது. வெயில்ல காய வச்சா போதுமா?

ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் கிடைக்கும் மாவட்டம் இது. பாக்கெட்டைத் திறந்து போட்டால் ராடு மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பூச்சின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்த ராடை முக்கிய வேலைக்குத் தொடாதீர்கள்.

6013-ஐ 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வைத்தால் போதும். அதற்கு மேல் வறுத்தால் ஆர்க் முரடாகும், ஏனென்றால் அந்தப் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் வேண்டும். 7018 (குறைந்த ஹைட்ரஜன் ராடு) வேறு ஜாதி. அதை 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது சுட்டு, பிறகு 120 டிகிரிக்குக் குறையாத அடுப்பிலேயே வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பூச்சில் ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், வேலை முடிந்து மறுநாள்கூட விரிசல் விடும். மரப்பெட்டிக்குள் 40 வாட் பல்பு எரியவிட்டு ராடு வைப்பது நல்ல வழக்கம். ஆனால் அது காய்ந்ததைக் காக்கும், நனைந்த 7018-ஐ மீட்காது.

வடசேரி: டிக் புதுசா ஆரம்பிக்கிறேன். டங்ஸ்டன் நுனி உருண்டையாகுது, கறுத்தும் போகுது. எப்படி மாட்டணும்னு முதல்லேருந்து சொல்லுங்க அண்ணே.

உருண்டையாவதும் கறுப்பதும் வேறு வேறு நோய் தம்பி. உருண்டையானால் டார்ச் பிளஸில் மாட்டியிருக்கிறது. ஸ்டிக் பழக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். டிக்கில் டார்ச் மைனஸ், எர்த் கிளாம்ப் பிளஸ். கறுத்தால் கேஸ் போதவில்லை, அல்லது ஆர்க் அணைந்ததும் டார்ச்சைத் தூக்கிவிடுகிறீர்கள். 10 ஆம்புக்கு ஒரு நொடி என்று போஸ்ட் புளோ (ஆர்க் அணைந்த பிறகும் கேஸ் வரும் நேரம்) வையுங்கள், எவ்வளவு குறைந்தாலும் 5 நொடிக்குக் கீழே வேண்டாம். அந்த நேரம் முழுக்க டார்ச் வெல்டின் மேலேயே நிற்கட்டும்.

மாட்டும் முறை: ஆர்கான் சிலிண்டரை (நீல நிறம்) சங்கிலி போட்டு நிறுத்தி, வால்வை ஒரு நொடி திறந்து மூடித் தூசியை ஊதிவிட்டு ரெகுலேட்டரை முறுக்குங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். 1.6 மி.மீ. டங்ஸ்டனுக்கு 1.6 காலெட் (டங்ஸ்டனைக் கவ்வும் குழல்), அதே அளவு காலெட் பாடி (காலெட் உட்காரும் கூடு). அளவு மாறினால் டங்ஸ்டன் ஆடும். 6-ம் நம்பர் கப் (கேஸ் வெளிவரும் பீங்கான் மூக்கு) போட்டு, டங்ஸ்டன் கப்பிலிருந்து 4 மி.மீ. வெளியே இருக்கட்டும். கேஸ் நிமிடத்துக்கு 7 முதல் 9 லிட்டர். 7 கன மீட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர் 8 லிட்டரில் 14 மணி நேரத்துக்கு மேல் ஆர்க் தரும். ஒரே வாரத்தில் காலியானால் எங்கோ கசிகிறது.

நுனியைக் கூர் தீட்டும்போது கோடுகள் நீளவாக்கில் வர வேண்டும். பென்சில் சீவுவதுபோல் குறுக்கே சுற்றித் தீட்டினால் ஆர்க் அலையும். கூரின் நீளம் டங்ஸ்டன் தடிமனைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு.

தகட்டின் தடிமனில் மில்லிமீட்டருக்கு 40 ஆம்ப் என்று மனதில் வையுங்கள், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் கொஞ்சம் குறையுங்கள். ஆர்க் பிடித்ததும் உடனே நகர வேண்டாம். அப்படியே நின்று பாருங்கள். தகடு சிவக்கும், மேல்பரப்பு ஈரம் பட்டதுபோல் மங்கும், பிறகு சட்டென்று கண்ணாடிபோல் ஒரு சின்ன வட்டம் தெளியும். அதுதான் குளம். அதன் முன் விளிம்பில் நிரப்பும் கம்பியைத் தொட்டு எடுங்கள், அரை மில்லிமீட்டர் நகருங்கள், மறுபடி தொடுங்கள். குளம் தெளியாமல் பொரிந்து கரி கக்கினால் அங்கே எண்ணெயோ துருவோ இருக்கிறது. ஸ்டிக் ராடு பூச்சு துருவைக் கொஞ்சம் மன்னிக்கும், டிக் மன்னிக்காது. டங்ஸ்டன் குளத்தைத் தொட்டுவிட்டால் அப்படியே ஓட்டாமல் மறுபடி தீட்டுங்கள்.

மண்டைக்காடு: சிவப்பு டங்ஸ்டன் ஆபத்துன்னு சொல்றாங்களே, உண்மையா?

சிவப்பில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு. பக்கத்து மணவாளக்குறிச்சி தாது மணலின் மோனசைட்டில் இருக்கிற அதே தோரியம்தான், உங்களுக்குப் புதிய பெயர் இல்லை. கையில் பிடிப்பதில் பெரிய பயமில்லை. தீட்டும்போது பறக்கும் தூசி மூச்சில் போகக் கூடாது. தங்க நிறம் (ஒன்றரை சதவீத லாந்தனம்) அல்லது நீலம் (2 சதவீத லாந்தனம்) வாங்கினால் இந்தக் கவலையே இல்லை. வேலையும் சிவப்புக்குக் குறையாது.

ஆரல்வாய்மொழி: வெளியில எஸ்.எஸ். கைப்பிடி டிக் பண்ணா உள்ளே பொத்தல், மேலே சாம்பல் நிறம். கேஸை 20 லிட்டர் வச்சும் அப்படித்தான்.

காற்றாலை ஓட்டும் காற்றில் ஆர்கான் எப்படி நிற்கும்? மின்விசிறிக் காற்றே அதைக் கலைத்துவிடும். 20 லிட்டர் வைத்ததுதான் இன்னும் கெடுத்தது. சின்னக் கப்பில் அவ்வளவு கேஸ் போனால் சுழன்று, வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். 9-க்குக் குறைத்து, தார்ப்பாய் மூன்று பக்கம் கட்டுங்கள். பைப் திறந்த முனைகளை டேப்பால் மூடுங்கள், உள்ளே ஓடும் காற்று ஜாயின்ட் சந்து வழியாக வரும். முடிந்தவரை பட்டறையிலேயே டிக் செய்து கொண்டுபோங்கள். சைட்டில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு ஜாயின்ட்டுக்கு 308எல் (எஸ்.எஸ்.-க்கான) ஸ்டிக் ராடு 2.5 மி.மீ., 50 முதல் 75 ஆம்ப், ஹோல்டர் பிளஸில். பாலிஷ் வேலை கூடும், பொத்தல் இருக்காது.

குளச்சல்: மாடி கைப்பிடி 304 பைப். ஆறு மாசத்துல வெல்டு பக்கத்துல மட்டும் டீ சிந்தின மாதிரி துரு. பைப் மட்டமா?

பைப் 304 ரக எஸ்.எஸ்.-ஆகவே இருக்கலாம். வெல்டைச் சுற்றி நீலம், பழுப்பு நிறம் வந்ததே, அதை எடுக்காமல் விட்டால் அந்த இடம்தான் உப்புக் காற்றுக்கு முதல் இரை. இன்னொரு காரணம், இரும்புக்குப் பயன்படுத்திய ஒயர் பிரஷ், கிரைண்டிங் வீலை எஸ்.எஸ்.-இலும் தேய்ப்பது. இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அதுதான் துருப்பிடிக்கும். எஸ்.எஸ்.-க்கென்று பிரஷ், டிஸ்க் தனியாகப் பூட்டி வையுங்கள். நிறத்தை பிக்ளிங் பேஸ்ட்டால் எடுத்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அந்தப் பேஸ்ட்டில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டு, தோலில் பட்டால் வலி தெரியாமலே உள்ளே இறங்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் திறக்காதீர்கள். கடற்கரை வீடென்றால் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316-ம், அதற்கு 316எல் கம்பியும். 304-க்கு 308எல். எஸ்.எஸ்.-ஐ இரும்போடு சேர்க்க 309எல்.

சின்னமுட்டம்: போட்டுல டீசல் டேங்க் ஒழுகுது. டேங்க் காலி பண்ணிட்டேன், எத்தனை ஆம்ப் வைக்கலாம்?

ஆம்ப் பிறகு. காலி டேங்க்தான் நிறைந்ததைவிட மோசம். சுவரில் ஒட்டிய டீசல் படலம் சூட்டில் ஆவியாகி, மூடிய இடத்தில் வெடிக்கும். போட்டில் வைத்து அதைத் தொடவே கூடாது. கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, எல்லா மூடியையும் திறந்து, நீராவியில் கழுவ வேண்டும். பிறகு ஒழுகும் இடம் மேலே வரும்படி திருப்பி, அதற்கு ஓர் அங்குலம் கீழே வரை தண்ணீர் நிரப்பி, காற்றுவழி திறந்திருக்கச் செய்யலாம். அதையும் டேங்க் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

போட்டில் வேறு எங்கே பற்றவைத்தாலும் பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றி, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். டிக்கின் ஹெச்.எஃப். ஸ்டார்ட் (ஆர்க் பிடிக்க விடும் உயர் அதிர்வெண் பொறி) அவற்றைச் சுட்டுவிடும். எர்த் கிளாம்ப் வெல்டுக்கு ஒரு சாண் தூரத்தில். எஞ்சினில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய்க் குழி போடும்.

குலசேகரம்: ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் பிரேம்ல காது உடைஞ்சு போச்சு. வார்ப்பிரும்பு. 6013-ல பத்த வச்சா மறுபடி பக்கத்துலயே விரியுது.

விரியத்தான் செய்யும். வார்ப்பிரும்பின் கார்பன் வெல்டுக்குள் ஏறிக் கண்ணாடி போல் கடினமாகிவிடும். நிக்கல் ராடு 2.5 மி.மீ. வாங்குங்கள், விலை அதிகம்தான், நாலைந்து போதும். விரிசல் முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை போட்டு, விரிசலை ‘வி’ போல் கிரைண்ட் செய்து, எண்ணெயை எரித்து எடுங்கள். 60, 70 ஆம்பில் ஓர் அங்குலம் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போதே உருண்டைத் தலைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள், சுருங்கும் இழுப்பு தளரும். கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு வேறு முனையில் அடுத்த அங்குலம். முடித்ததும் உலர்ந்த சாம்பலில் புதைத்து மறுநாள் எடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் வீண்.

தேங்காப்பட்டணம்: கடல் பக்கம் பட்டறை. மெஷின் வருஷத்துக்கு ஒண்ணு போகுது.

மெஷினின் ஃபேன் உள்ளே இழுப்பது உப்பும் கிரைண்டர் தூசியும். இரண்டும் சேர்ந்து போர்டில் படிந்து ஈரமானால் ஷார்ட். கிரைண்டிங்கை மெஷினுக்குப் பின்னால் செய்யாதீர்கள், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர் இறங்கப் பத்து நிமிடம் விட்டு, கவரைத் திறந்து ஈரமில்லாத காற்றால் மெதுவாக ஊதுங்கள். கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரை முதலில் வடிக்க மறந்தால், துடைக்கப் போய் நனைத்த கதை. "200 ஆம்ப், 60 சதவீதம்" என்று எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் 200-இல் ஓட்டலாம். நிற்காமல் ஓட்ட வேண்டுமானால் 155 வரை.

களியக்காவிளை: மிக் (கம்பிச் சுருள் ஓடுற வெல்டிங்) வேலைக்கு வாங்குன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் சும்மா கிடக்கு. டிக்குக்குப் போடலாமா?

கூடாது. டங்ஸ்டன் சில நொடியில் எரிந்து தீரும்.

தக்கலை: ஜி.ஐ. பைப் பத்த வச்ச அன்னைக்கு ராத்திரி குளிர் காய்ச்சல். பால் குடிச்சா போகும்கிறாங்க.

ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்த புகையால் வரும் காய்ச்சல் அது. பால் அதைத் தடுக்காது. வெல்டுக்கு இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் பூச்சைத் தேய்த்து எடுங்கள், புகைக்கான மாஸ்க் போடுங்கள், காற்று பக்கவாட்டில் வீசிப் புகையை முகத்திலிருந்து தள்ளும்படி நில்லுங்கள். ஒரு நாளில் தணியாவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கொட்டாரம்: இதே மெஷின்ல அலுமினிய ஏணி ஒட்டலாமா?

டிசி-யில் ஒட்டாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் இருக்கும் ஆக்சைடு தோல் 2,000 டிகிரி வரையும் உருகாமல் நிற்கும். அதைக் கிழிக்க ஏசி வேண்டும். ஒரு ஏணிக்காக ஏசி மெஷின் வாங்க வேண்டாம், இருக்கிற பட்டறையில் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.