தாத்தாவும் பேத்தியும் ஒன்றாக ஆட எந்த விளையாட்டு நல்லது?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பையனுக்கு 11 வயது, பெண்ணுக்கு 6. மாமனாருக்கு 70 தாண்டிவிட்டது, கீழே உட்கார முடியாது. லீவில் எல்லோரும் சேர்ந்து ஆடட்டும் என்று மோனோபோலி வாங்கினோம். சின்னவள் அழுதுகொண்டே எழுந்துவிட்டாள், பெரியவன் செல்போனுக்குப் போய்விட்டான். வேறு என்ன வாங்கலாம்?"

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். தாயக்கட்டம் போடுங்கள்.

மோனோபோலியில் பணம் தீர்ந்தவர் வெளியேறி, மற்றவர்கள் முடிக்கும்வரை வேடிக்கை பார்க்க வேண்டும். ஆறு வயதில் அது தாங்காது. கேரமில் விரல் பழகியவர்தான் ஜெயிப்பார். பரமபதத்தில் எல்லாமே கட்டை விழுவதைப் பொறுத்தது. பெரியவனுக்கு யோசிக்க அதில் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுக்கு வேண்டியது, யாரும் விட்டுக்கொடுக்காமலே சின்னவள் ஜெயிக்கக்கூடிய ஆட்டம். பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்றால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் அந்த ஆட்டத்தில் அவர்களுக்குப் பிடிப்பே இருக்காது.

தாயத்தில் என்ன விழும் என்பது அதிர்ஷ்டம். விழுந்ததை எந்தக் காய்க்கு வைப்பது, எதிராளியை வெட்டுவதா, வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் ஏறிப் பத்திரமாக நிற்பதா என்பதெல்லாம் யோசனை. தாத்தாவின் அனுபவமும் பேத்தியின் அதிர்ஷ்டமும் சரிக்குச் சரியாக மோதும்.

ஒரே ஒரு இடத்தில்தான் குழந்தைகள் சோர்ந்து போவார்கள்: காய் கட்டத்துக்குள் இறங்கத் தாயம், அதாவது ஒன்று, விழ வேண்டும். பித்தளைக் கட்டை ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என்று நாலு பக்கம். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் வருவது 2 தடவைதான், அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. சின்னவள் உருட்டி உருட்டிக் கை ஓய்ந்துவிடுவாள். 5 விழுந்தாலும் இறங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்பு நாலில் ஒன்றாகிவிடும். இந்த ஒரு மாற்றத்திலேயே ஆட்டம் சூடு பிடிக்கும்.

கட்டை இல்லையென்றால் கும்பகோணம் பித்தளைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதுவரை நாலு புளியங்கொட்டை போதும். ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் திண்ணையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள்; அந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், சூடு பறக்கத் தேய்ப்பார்கள். குலுக்கிப் போட்டால் எத்தனை வெள்ளை தெரிகிறதோ அதுதான் எண். ஒன்று என்றால் தாயம், நாலும் கறுப்பென்றால் எட்டு. கட்டத்தைத் தரையில் போடாமல் அட்டையில் வரைந்து ஸ்டூல் மேல் வையுங்கள், மாமனார் நாற்காலியிலிருந்தே ஆடலாம். 5க்கு 5 கட்டமும் ஆளுக்கு மூன்று காயும் முதலில் போதும். நாலு பேர் இருந்தால் தாத்தாவும் பேத்தியும் ஒரு ஜோடி.

மத்தியானத்தில் தாத்தாவுக்கு ஜோடி ஒருவர்தான் என்றால், பேரனோடு ஆடு புலி ஆட்டம்: 3 புலி, 15 ஆடு. பேத்தியோடு பல்லாங்குழி, குழியில் நாலு முத்து சேர்ந்தால் பசு என்று அள்ளுவதற்காகவே அவள் எண்ணப் பழகிவிடுவாள். கடையில்தான் வாங்குவேன் என்றால் யூனோ வாங்குங்கள். நிறமும் எண்ணும் தெரிந்தால் போதும்.

தாயத்தில் ஒருவரையாவது வெட்டினால்தான் நடுவிலுள்ள பழத்துக்குப் போகலாம் என்ற விதியை முதல் சில நாள் விட்டுவிடுங்கள். சின்னவள் தன் கையால் ஒரு காயை வெட்டிப் பார்த்துவிட்டால், அந்த விதியை அவளே கேட்பாள்.