டிஸ்க் வலியோடு ஸ்போர்ட்ஸ் கார்: விற்கும் முன் சீட்டைச் சரி செய்யுங்கள்

கேள்வி: வயது 47. பல வருட ஆசையில், போன வருடம் செகண்ட் ஹேண்டில் போர்ஷே 718 கேமன் வாங்கினேன், ஆட்டோமேட்டிக். ஆறு மாதமாக இடுப்பில் எல்-4, எல்-5 டிஸ்க் பிதுக்கம். வலி வலது தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார் டாக்டர். அரை மணி நேரம் ஓட்டினாலே காரை விட்டு இறங்க முடியவில்லை. வீட்டில் விற்கச் சொல்கிறார்கள். ரேஸ் காரில் இருப்பது மாதிரி பக்கங்கள் உயர்ந்த பக்கெட் சீட் போட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். இனி இந்தக் காரில் வால்பாறை போக முடியுமா?
– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு விற்க வேண்டாம். ஆனால் சாவியை எடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். வெறுங்காலில், முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு குதிகாலால் பத்தடி நடக்க முடிகிறதா? வலது பாதம் தொங்கினாலோ, தரையில் தட்டினாலோ ஓட்டாதீர்கள், அன்றே டாக்டரிடம் போங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலைத் தூக்கி மாற்றும் பலம், உங்கள் டிஸ்க் அழுத்துகிற அந்த நரம்பில்தான் இருக்கிறது. இதில் சமாதானமே கிடையாது. நரம்பு வலிக்கு ப்ரீகாபலின் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் அது தூக்கக் கலக்கத்தைத் தரும், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, அல்லது வரவே வராமல் நிற்பது, இதில் எது வந்தாலும் நேராக எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

சரி, இனி காருக்கு வருவோம். டாக்டர் உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்திருப்பார், அப்போது கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுத்திருக்கும். தாழ்வான சீட்டில் காலை நீட்டி, இடுப்பு பின்னால் குழிந்து, முதுகு வளைந்து உட்காரும்போதும் நடப்பது கிட்டத்தட்ட அதேதான்: பிதுங்கிய டிஸ்க் ஒரு பக்கம் அழுத்த, நீட்டிய கால் நரம்பை இன்னொரு பக்கம் இழுக்கிறது. வலிக்குப் பெரிய காரணம் கார் அல்ல, நீங்கள் அதில் உட்காரும் விதம் என்றுதான் நினைக்கிறேன், அதனால்தான் விற்காதீர்கள் என்கிறேன்.

சீட்டை முடிந்த அளவு உயர்த்துங்கள், தலை கூரையில் இடிக்காத வரை. பிறகு முன்னால் தள்ளுங்கள். பிரேக்கை முழுக்க அழுத்தினாலும் முட்டி நன்றாக மடங்கியே இருக்க வேண்டும். பின்புறத்தைச் சீட்டின் மூலை வரை தள்ளி உட்கார்ந்த பிறகுதான் முதுகுச் சாய்வைத் தொட வேண்டும், நேர்கோணத்தைவிட கொஞ்சம் பின்னால், 100 முதல் 110 டிகிரி. ஸ்டியரிங்கை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள், தோள் சீட்டை விட்டு எழாமலே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். ரேஸ் டிரைவர் மாதிரி படுத்துக்கொண்டு ஓட்டும் ஆசையை விட்டுவிடுங்கள், அவர்களும் முட்டி மடங்கியபடிதான் உட்காருகிறார்கள். இடுப்புக் குழிவில், பெல்ட் கட்டும் உயரத்தில், கைத்துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். பெரிய குஷன் வேண்டாம், அது உங்களை முன்னுக்குத் தள்ளிவிடும். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் இன்றோடு எடுத்துவிடுங்கள், ஒரு பக்கம் இடுப்பைத் தூக்கிக்கொண்டே ஓட்டுவதால் வருகிற வலி நிறைய பேருக்கு இருக்கிறது.

அடுத்தது ஏறி இறங்குவது. ஒரு காலை உள்ளே விட்டு, இடுப்பைத் திருகி, தொப்பென்று விழுகிற அந்தப் பழக்கம்தான் டிஸ்க்குக்கு எமன். கதவை முழுக்கத் திறக்க இடமுள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இறங்கும்போது முதலில் சீட்டைப் பின்னால் தள்ளி, இரண்டு காலையும் வெளியே வைத்து, கையால் ஊன்றி எழுந்திருங்கள். எழுந்த உடனே முன்பக்க டிக்கியில் குனிந்து பெட்டியை எடுக்க வேண்டாம். வெகுநேரம் வளைந்திருந்த முதுகு அப்போது தளர்ந்து கிடக்கும், இரண்டு நிமிடம் நடந்த பிறகு எடுங்கள். அந்த டிக்கி ஆழமானது, அதனால் கனமான சூட்கேஸ் பக்கமே போகாமல் இரண்டு சின்னத் துணிப்பைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அதிர்வு. உட்கார்ந்திருக்கும் மனித முதுகெலும்பு விநாடிக்கு 4 முதல் 6 முறை வரும் அதிர்வுக்கு அதிகமாக ஆடும், மோசமான ரோடு அதைத்தான் கொடுக்கிறது. உங்கள் வண்டியில் பாஸ்ம் என்கிற அட்ஜஸ்ட் ஆகும் ஷாக் அப்சார்பர் இருந்தால் ஊருக்குள் எப்போதும் நார்மலில் வையுங்கள். டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது, அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவுப்படி பாருங்கள், பங்க் பையன் கைக்கு வந்தபடி அடிக்க விடாதீர்கள். 20 இன்ச் ரிம் போட்டிருந்தால், சாதாரண கேமனுக்கு 18 இன்ச் வரை இறங்கலாம், டயரின் பக்கச்சுவர் உயரும்போது அடி குறையும். 718 கேமன் எஸ் என்றால் பிரேக் பெரியது, 19-க்குக் கீழே போகாதீர்கள். குஷனுக்குச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழிப்பேன் நான்.

வால்பாறைக்குப் போகலாம், ஆனால் இந்த மாதம் அல்ல. முதலில் அவினாசி ரோட்டில் காலை நேரத்தில் இருபது நிமிடம், பிறகு பொள்ளாச்சி வரை, வலி காலுக்கு இறங்காமல் இருந்தால் மட்டும் அடுத்த படி. போகும் நாளில் பொள்ளாச்சியில் இறங்கி நடங்கள், ஆழியாறில் இறங்கி நடங்கள், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்டில் எப்படியும் எல்லோரும் நிறுத்துவார்கள், அங்கேயும். நாற்பது வளைவையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. திரும்பி வர ஓட்டத் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும்.

நண்பரின் பக்கெட் சீட்டுக்கு என் பதில்: கூடவே கூடாது. அதன் முதுகுச் சாய்வை மாற்ற முடியாது, உயர்ந்த பக்கத்தைத் தாண்டி ஏறுவதற்குள் இடுப்பு திருகிவிடும், வெளியில் வாங்கி மாட்டினால் சீட்டிலேயே இருக்கும் பக்கவாட்டு ஏர்பேக்கும் போய்விடும். அதே மாடலுக்கு 14 அல்லது 18 வகையில் மின்சாரத்தில் அட்ஜஸ்ட் ஆகும் கம்பெனி சீட்டுகள் உண்டு, இடுப்புத் தாங்கலோடு. அதைத் தேடிப் பிடித்து, ஏர்பேக் வயரிங் தெரிந்த ஆளிடம் மட்டும் மாற்றுங்கள். சீட் கவர் போட்டு அந்த ஏர்பேக்கை மூடிவிடவும் வேண்டாம்.