வில்லுப்பாட்டுக்குப் பேசுனது ஒருத்தர, வந்தது வேற ஆளு: அட்வான்ஸ் திரும்புமா?

வள்ளியூர் பக்கத்துல இருந்து ஒரு கோயில் கொடை விழாக் கமிட்டி அண்ணாச்சி கேட்டிருக்காங்க. ஆவணியில சுடலைமாடன் கொடைக்கு, வீடியோவுல நல்லா பேர் வாங்குன ஒரு வில்லுப்பாட்டு அக்கா செட்டுனு புரோக்கர்ட்ட 45 ஆயிரம் பேசி, 20 ஆயிரம் ஜிபேயில போட்டிருக்காங்க. அன்னைக்கு ராத்திரி வேன்ல இருந்து இறங்குனது அதே பேரு போட்ட வேற ஒரு பொண்ணு. சாமி கதை பாடாம கொடைய நிறுத்த முடியாதுல்லா, பாட விட்டுட்டாங்க. இப்போ புரோக்கர் மிச்சம் 25 ஆயிரத்தக் கேட்டு நெருக்குதான், ஸ்டேஷன்ல போனா "இது சிவில் மேட்டர்"னு திருப்பி அனுப்பிட்டாங்க.

அண்ணாச்சி, மொதல்ல அந்த 25 ஆயிரத்த அவன் கையில கொடுக்காதீங்க. ஒப்பந்தச் சட்டம்னு 1872லயே போட்ட சட்டம் இருக்கு, அதுல 40வது பிரிவு, இன்னார்தான் செய்யணும்னு நெனச்சுப் பேசுன வேலைய அவரேதான் செய்யணும்னு சொல்லுது, ஒருத்தர் படம் வரஞ்சு தாரேன்னு ஒத்துக்கிட்டா அவரே வரையணும்னு உதாரணமே கொடுத்திருக்காங்க. வில்லுப்பாட்டும் அப்படித்தான், மெயினா பாடுற ஆளுக்காகத்தான நீங்க அவ்வளவு ரூவாய்க்கு ஒத்துக்கிட்டீங்க. ஆனா முழுத் தொகையும் வந்துரும்னு எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, விடிய விடிய ஒரு செட்டு பாடியிருக்கு, அதுக்கு ஒரு கூலியக் கழிச்சுத்தான் பாப்பாங்க.

"சிவில் மேட்டர்"ங்கிறத கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. இன்னொரு ஆளுன்னு சொல்லி ஏமாத்துறது, பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 319வது பிரிவு, 5 வருஷம் வரைக்கும் தண்டனை, அப்படி ஏமாத்திப் பணம் வாங்குனா 318(4), 7 வருஷம் வரைக்கும். புகார எழுத்துல கொடுத்து, புகார வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல கொடுக்கிற சிஎஸ்ஆர் ரசீது கேளுங்க. எடுக்கலைனா அதே புகார எஸ்பி ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபால்ல போடுங்க. வீட்டுக்கு வீடு வரி பிரிச்ச காசு, அதுக்காக ஏழை எளியவன் ஸ்டேஷன் வாசல்ல நாலு நாள் நிக்கணும்னா எப்படி?

பணத்துக்கு நுகர்வோர் ஆணையம். 5 லட்சத்துக்குள்ளனா பீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல, புரோக்கர் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் உங்க மாவட்டத்துலயே போடலாம், 2 வருஷத்துக்குள்ள போட்டுரணும். ஜிபேயில பணம் போட்டவரு பேர்ல போடுங்க. எதிராளிக்கு நோட்டீஸ் போய்ச் சேந்து 3 மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடக்கிறது வேற, வாய்தா வாய்தான்னு இழுக்கும், அசந்து விட்டுராதீங்க.

ஒரு விஷயத்துல மட்டும் நிதானமா இருங்க. பேரு ஒண்ணா இருக்குங்கிறதுனால மட்டும் ஆள்மாறாட்டம் ஆகாது. காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரத்துல பெரிய மேதை, 1964லயே போய்ச் சேந்துட்டாரு, அதுக்காக காருகுறிச்சில பொறந்தவன் தன் பேருக்கு முன்னால ஊர் பேரப் போடக்கூடாதுன்னு யாரும் சொல்ல முடியுமா? ஊர் பேரு எல்லாருக்கும் பொது. சிஷ்யன் குரு பேரப் போடுவான், மகன் அப்பா பேரப் போடுவான், நெசமாவே அதே பேர் வச்ச ஆளும் இருப்பாங்க, இதெல்லாம் தப்பில்ல. அந்தப் பிரபலமான ஆளே வாறாங்கன்னு நம்ப வச்சுக் காசு வாங்குனாத்தான் குத்தம். உங்க விஷயத்துல புரோக்கர் வாட்ஸ்அப்ல அனுப்புனது அந்த அக்கா போட்டோவும் அவங்க வீடியோவும், அதனால "அதே பேருதான"ங்கிற சமாளிப்பு நிக்காது. அந்த சாட்ட அழிச்சுராதீங்க, போனையும் மாத்தாதீங்க. பேனர் போட்டோ, கொடை நோட்டீஸ், அன்னைக்கு எடுத்த வீடியோ எல்லாத்தையும் எடுத்து வைங்க. அந்த அக்கா நம்பரத் தேடிப் பிடிச்சு, "அந்தத் தேதிக்கு நான் ஒத்துக்கிடவே இல்ல"ன்னு ஒரு மெசேஜ் வாங்கிருங்க, இத விடப் பெரிய சாட்சி இல்ல.

இந்த புரோக்கருங்க சங்கதி எனக்கு நல்லாத் தெரியும். ஆடி, ஆவணி வந்துட்டா ஒரே வெள்ளிக்கிழமைக்கு மூணு ஊர்ல ஒரே ஆளு பேரச் சொல்லி அட்வான்ஸ் வாங்கிருவானுங்க, ரசீதுல மட்டும் "வில்லிசைக் குழு 1 செட்டு"ன்னு எழுதுவான், யார் பாடுறாங்கன்னு ஒரு எழுத்து இருக்காது, கேட்டா "அவங்க குரூப்புதான் அண்ணாச்சி"ன்னு வழவழன்னு பேசுவான். நையாண்டி மேளம், கரகம் எல்லாத்துலயும் இதே கூத்துதான். அடுத்த கொடைக்கு ஆளப் பேசும்போது பாடுற ஆளுகிட்டயே வீடியோ கால்ல தேதியச் சொல்லிக் கேட்டுட்டு அப்புறமா பணத்தப் போடுங்க, ரசீதுல மெயின் ஆளு பேர எழுதச் சொல்லுங்க, அவங்க வரலைனா அட்வான்ஸ் வாபஸ்னு ஒரு வரியும் சேருங்க. எழுத மாட்டேன்னா வேற ஆளப் பாருங்க.

வந்து பாடுன அந்தப் பொண்ணுகிட்ட சண்டைக்குப் போகாதீங்க. 45 ஆயிரத்துல அதுக்கு எவ்வளவு கொடுக்கதா புரோக்கர் சொன்னான், யார் பேரச் சொல்லி அனுப்புனான்னு பொறுமையா கேட்டுப் பாருங்க, பல நேரம் அதுக்கும் கூலி வந்திருக்காது. அப்படின்னா அதையும் உங்க புகார்ல சாட்சியா சேத்துக்கிடுங்க.