மகள் ஜட்ஜ் ஆகணும் என்கிறாளா?

அன்புள்ள அம்மா,

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் நீதிபதி ஆவேன் என்கிறாள், அதற்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க வேண்டுமாமே என்று பதறுகிறீர்கள். உண்மைதான். அமெரிக்காவில் நீங்கள் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தில் மாவட்ட நீதிபதியை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் கட்சிப் பெயரோடு. பதவிக்காலம் 4 வருடம். தேர்வு எழுதி நேரே நீதிபதி ஆகிற வழி இங்கே இல்லை.

ஆனால் அந்தக் கவலைக்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி ஆக 8 வருடம் வக்கீலாகவோ நீதிபதியாகவோ இருந்திருக்க வேண்டும். முன்பு 4 வருடம் போதும். 2021-இல் வாக்கெடுப்பு வைத்துக் கூட்டிவிட்டார்கள். கல்லூரி, சட்டப் படிப்பு, பார் தேர்வு (வக்கீல் உரிமத்துக்கான தேர்வு) எல்லாம் முடித்துக் கணக்குப் போட்டால் 33 வயதுக்கு முன்னால் பேச்சே இல்லை.

உங்கள் ஃபோர்ட் பெண்ட் கவுன்டியிலேயே (கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) சுரேந்திரன் கே. பட்டேல் நீதிபதி ஆன கதை உண்டு. காசர்கோட்டுக்காரர், சிறுவயதில் பீடி சுற்றியவர். கேரளத்தில் வக்கீலாக இருந்துவிட்டு 2007-இல் அமெரிக்கா வந்து, டெக்சஸ் பார் தேர்வு எழுதினார். 2020 தேர்தலில் தோற்று, 2022-இல் நின்று 240-ஆவது மாவட்ட நீதிமன்றத்தைப் பிடித்தார். இடையில் சோறு போட்டது வக்கீல் தொழில்தான்.

என்னைக் கேட்டால், ஓட்டுக் கேட்பதைவிடப் பெரிய சங்கடம் கட்சி அலை. 2018-இல் பக்கத்து ஹாரிஸ் கவுன்டியில் குடியரசுக் கட்சி நீதிபதிகள் கூண்டோடு தோற்றார்கள். அதில் திறமைசாலிகளும் உண்டு. வாக்குச்சீட்டின் அடியில் நீளமாக வரும் நீதிபதிப் பெயர்களை யார் அலசிப் பார்க்கிறார்கள்? ஆகவே பதவி போனாலும் திரும்பி வந்து நடத்த ஒரு தொழில் கையில் இருக்க வேண்டும்.

அதற்குக் கோர்ட்டில் நின்று வாதாடிய பழக்கம் தேவை. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தால் அது சீக்கிரம் கிடைக்கும், சம்பளம்தான் கொஞ்சம் குறைவு. பெயருக்காகப் பெரிய தனியார் கல்லூரியில் சேர்த்துக் கடனை ஏற்றிவிட்டால், அவள் அந்தப் பக்கமே போக முடியாது. கடனை அடைக்கப் பெரிய நிறுவனத்தில் உட்கார்ந்து காகிதம் புரட்ட வேண்டியதுதான். அரசுப் பல்கலைக்கழகங்களில் மாநிலத்தவருக்குக் கட்டணம் குறைவு. ஹூஸ்டன், ஆஸ்டின் நகரங்களில் உள்ள இரண்டையும் பாருங்கள்.

அப்புறம், இந்தக் கோடை விடுமுறையில் அவளை ரிச்மண்டில் உள்ள கவுன்டி நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். பெரும்பாலான விசாரணைகளை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். காலையில் வரிசையாகப் பெயர் கூப்பிட்டு, வாய்தா கொடுத்து, மறுபடி பெயர் கூப்பிடுவார்கள். அரை நாள் அதைப் பார்த்துவிட்டு வந்தும் ஆசை குறையவில்லை என்றால் சட்டக் கல்லூரிகளைப் பற்றிப் பேசலாம்.