சாட்சி சொல்லச் சொல்றாங்க – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஸ்தோத்திரம். நாங்க பர்மாவுல மாந்தளைல இருந்தோம். 2025 மார்ச் 28 பூகம்பத்துல கடைச் சுவரு விழுந்து என் வீட்டுக்காரர் போயிட்டார். இப்ப பையனோட ரங்கூன்ல அண்ணன் வீட்டுல இருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை எழுந்து சாட்சி சொல்லும்மா, கர்த்தர் உன்னை எப்படித் தேத்தினார்னு சொல்லுங்கறார் பாஸ்டர் ஐயா. ஜெபம் பண்ண உக்காந்தா எனக்குக் கோவந்தான் வருது. அந்தக் காலத்துல பர்மாவுக்கு வந்த மிஷனரி ஜட்சன் ஐயா எவ்வளவு பட்டும் அசையாம நின்னாரே, எனக்கு அந்த விசுவாசம் இல்லையேன்னு குத்துது. இது ஏதாவது பாவத்துக்குத் தண்டனையா? 19 வயசுப் பையனைத் தாய்லாந்துக்கு அனுப்பிடலாமா? உங்க யோசனை வேணும்.

– ஒரு சகோதரி

அன்புள்ள தங்கச்சிக்கு,

தண்டனையான்னா, இல்ல. சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தப்பவே இயேசு அந்தப் பேச்சை வெட்டிட்டார், லூக்கா 13 பாருங்க. விடுங்க அதை.

ஜட்சன் அசையாம நின்னார்னு யாரும்மா சொன்னது? ஓய்வுநாள் பள்ளியில சொல்ற கதை தலகாணியோட முடிஞ்சிடும். 1813ல ரங்கூன்ல வந்து இறங்கினார், 1824ல இங்கிலீஷ்காரன் சண்டை வந்ததும் பர்மா ராஜாவோட தலைநகரம் ஆவால ஜெயில்ல போட்டாங்க, ராத்திரி கால்விலங்குல மூங்கிலைக் கோத்து மேல தூக்கிடுவாங்க, தோளும் தலையும்தான் தரைல படும், அவர் சம்சாரம் ஆன் அம்மா பர்மா பாஷை வேதத்தோட கையெழுத்துப் பிரதியைத் தலகாணிக்குள்ள வச்சுத் தைச்சுக் கொடுத்தாங்க, அல்லேலூயா, எல்லாரும் உக்காருங்க. அதுக்கப்புறம் நடந்ததை மட்டும் ஏன் யாரும் சொல்றதில்ல? 1826 அக்டோபர்ல அந்த அம்மா அம்ஹெர்ஸ்ட்ல செத்தப்ப இவர் பக்கத்துல இல்ல, ஆவால இருந்தார். ஆறு மாசத்துல ரெண்டு வயசுக் குழந்தை மரியாவும் போச்சு. மனுசன் ஒடைஞ்சே போயிட்டார். மோல்மேன் பக்கம் காட்டுக்குள்ள குடிசை போட்டுக்கிட்டு, தனக்குன்னு ஒரு குழி தோண்டி அதோட கரையிலயே உக்காந்திருந்தார். கடவுளை நம்பறேன், ஆனா அவர் எனக்குத் தட்டுப்படவே இல்லன்னு 1829ல எழுதறார். உங்க லெட்டர்ல இருக்கறதும் அதானே? அப்ப போய் அவரை சாட்சி சொல்லுன்னு கூப்பிட்டிருந்தா அந்தக் குழிக்குள்ளயே தள்ளின மாதிரிதான். 1834ல பைபிள் முழுசையும் முடிச்சார், சரி, ஆனா அதைக் காட்டி உங்களைக் கிளப்பிவிட நான் தயாரா இல்ல.

நம்ம சபைகள்ல இதுதான் எனக்கு ஆகவே ஆகாது. கஷ்டம் முடிஞ்சு வந்தவன் கதையைத்தான் கேப்பாங்க, நடுவுல நிக்கறவளுக்கு மைக் கொடுத்து முடிஞ்ச மாதிரி நடிக்கச் சொல்லுவாங்க. சங்கீதம் 88ஐ எடுத்து கடைசி வரைக்கும் படிங்க, இருட்டுலயே முடியுது, அதை யாரும் கிழிச்சுப் போடல. நீங்க கோவப்படறதும் ஜெபம்தான்.

2008ல நர்கீஸ் புயல்ல டெல்டா பக்கம் போயிருந்த என் தம்பி திரும்பல. வந்தவங்க எல்லாம் அம்மாகிட்ட வசனமாச் சொன்னாங்க, கர்த்தருக்கு அவன் அங்க தேவைப்பட்டான்னு ஒருத்தர் சொன்னதும் அம்மா கையில இருந்த சொம்பை வீசிட்டாங்க. எதிர்வீட்டு பர்மாக்கார அக்கா, புத்த மதம், ஒரு வார்த்தை பேசல. எங்க சொளகை எடுத்து அரிசியில கல்லு பொறுக்க உக்காந்தாங்க, பொழுது சாயற வரைக்கும் பொறுக்கினாங்க. எங்க வீட்டு அரிசியில அவ்வளவு கல்லு கிடையாது. பைபிள்ல எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதங்களும் முதல் ஏழு நாள் வாயைத் தொறக்கல, நல்லாத்தான் இருந்துச்சு. பேச ஆரம்பிச்சாங்க, கெட்டுது. கடைசில கடவுளுக்குக் கோவம் வந்தது அவங்க மேல, அவ்வளவு கத்தின யோபுதான் சரியாப் பேசினான்னும் சொல்லிட்டார்.

உங்களையும் திட்டணும். லெட்டர் முழுக்க பாஸ்டர் என்ன சொன்னார், உங்க விசுவாசம் எவ்வளவு குறைச்சல், இதேதான். வீட்டுக்காரர் பேரைக்கூட எழுதல! என்ன கடை வச்சிருந்தார், எதுக்குச் சிரிப்பார், பையன்கூட எதுக்குச் சண்டை போடுவார், அதை எழுதி அனுப்புங்க, எத்தனை பக்கம் ஆனாலும் படிக்கறேன். அண்ணன் வீடாச்சேன்னு அழாம அடக்கி வச்சிருக்கீங்கன்னு தெரியுது, அந்த மரியாதை ஒண்ணும் வேண்டாம்.

பாஸ்டர்கிட்ட இப்ப முடியாது ஐயான்னு சொல்லிடுங்க, காரணம் சொல்லாதீங்க. ரொம்ப அழுத்தினார்னா எழுந்து அந்த 88ஐ வாசிச்சுட்டு உக்காந்துடுங்க.

அட, பையன் விசயம். 2024ல கட்டாய ராணுவச் சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்ததுலேருந்து எல்லார் வீட்டுலயும் இதே பேச்சுதான், அதை இங்க எழுத முடியாது. அண்ணனை எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க.