நட்சத்திர ஸ்ட்ரைக்கரும் தேசிய அணியும்: கேள்வி பதில்

பெரிய கால்பந்துத் தொடர் ஒன்றில் ஒரு நட்சத்திர ஸ்ட்ரைக்கரால் (கோல் அடிப்பதே முதல் வேலையான முன்கள வீரரால்) தேசிய அணிக்கு நேரும் நன்மை தீமைகளைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கிளப் ஒப்பந்தம், சம்பளம், அடுத்த கோப்பை யாருக்கு என்ற ஆரூடம் ஆகியவை என் எல்லைக்கு வெளியே உள்ளவை. ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேரும் என்பதும் எனக்குத் தெரியும். ஒருவர் அடித்த கோல்களைக் கூட்டுவதற்கு முன், அவை யாருக்கு எதிராக, எந்தச் சுற்றில், ஸ்கோர் என்னவாக இருந்தபோது விழுந்தவை என்று பாருங்கள்.

கேள்வி: உலகக் கோப்பையில் அதிகக் கோல் அடித்தவரின் அணிதானே பெரும்பாலும் கோப்பையை வெல்கிறது?

பதில்: இல்லை. 1930 முதல் 2022 வரை நடந்த தொடர்களில், வேறு யாருடனும் பங்கிடாமல் தனியொருவராக அதிகக் கோல் அடித்து, கோப்பையையும் கையில் ஏந்தியவர்கள் மூவர்தாம்: 1978-இல் அர்ஜென்டினாவின் மாரியோ கெம்பெஸ், 1982-இல் இத்தாலியின் பாவ்லோ ரோசி, 2002-இல் பிரேசிலின் ரொனால்டோ. ஒரே தொடரில் 13 கோல் என்ற, இன்றும் எவரும் நெருங்காத சாதனையை 1958-இல் நிகழ்த்திய ஜுஸ்ட் ஃபோன்டெய்னின் பிரான்ஸ் மூன்றாம் இடத்தில்தான் முடித்தது. அந்த 13-இல் நான்கு, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலேயே விழுந்தவை. 1966-இல் 9 கோல் அடித்த யூசேபியோவின் போர்ச்சுகலுக்கும், 1970-இல் 10 கோல் அடித்த கெர்ட் முல்லரின் மேற்கு ஜெர்மனிக்கும் அதே மூன்றாம் இடம். 2022 இறுதிப் போட்டியில் ஹாட்ரிக் அடித்து, தொடரில் 8 கோல்களுடன் முடித்த எம்பாப்பேயின் பிரான்ஸ் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றது.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்த விசித்திரம் ரஷ்யாவின் ஒலெக் சாலென்கோ. 1994-இல் கேமரூனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல்களும் அதற்கு முன் ஒன்றும் அடித்து, பல்கேரியாவின் ஸ்டோய்ச்கோவுடன், அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதைப் பங்கிட்டுக்கொண்டார். அவருடைய அணியோ குழுச் சுற்றைத் தாண்டவில்லை.

கோப்பை வென்ற மூவரில் கெம்பெஸும் ரோசியும் முதல் குழுச் சுற்றில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தலா ஆறு கோல்களும் அதற்குப் பிறகு, தோற்றால் எல்லாம் போய்விடும் என்ற நிலையில் வந்தவை. நான் முதலில் சொன்ன எச்சரிக்கையின் பொருள் இதுதான்.

கேள்வி: 2018-இல் பிரான்சின் ஸ்ட்ரைக்கர் ஒலிவியே ஜிரூ ஒரு கோலும் அடிக்காமல் உலகக் கோப்பை வென்றார். அவரைப் பயிற்சியாளர் டெஷாம்ப் ஏன் மாற்றவில்லை?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பிரான்ஸ் முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக எம்பாப்பே, கிரீஸ்மன், டெம்பெலே என்ற மூன்று வேகக்காரர்களை முன்னால் நிறுத்தி, ஜிரூவை வெளியே உட்கார வைத்தது. வென்றதென்னவோ உண்மை, ஆனால் திணறி வென்றது. மூவருமே ஓடுவதற்கு வெற்றிடம் தேடுகிறவர்கள். எதிரணி பின்வாங்கி நெருக்கமாக நின்றுகொண்டால் அந்த வெற்றிடத்தை உண்டாக்கிக் கொடுக்க ஆளில்லை. இரண்டாம் ஆட்டத்திலிருந்து ஜிரூ தொடக்க அணிக்குள் வந்தார்.

அவர் செய்த வேலையை எண்ணிக்கையில் காட்டுவது கடினம். உயரமும் உடல் வலுவும் உள்ள ஒருவர் எதிரணியின் இரு மையத் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே முதுகைக் காட்டி நின்றால், அவரை ஒருவர் ஒட்டி நிற்க வேண்டும், இன்னொருவர் அருகிலேயே காத்திருக்க வேண்டும். அந்த இருவரும் அவரோடு கட்டுண்டு கிடக்கும்போது, பக்கவாட்டிலிருந்து உள்ளே வெட்டி ஓடும் எம்பாப்பேயைக் கவனிக்க மிஞ்சுவது ஒரு ஜோடிக் கால்கள்தாம். நெடும்பந்து வந்தால் தலையால் தட்டி கிரீஸ்மனிடம் சேர்ப்பார். எதிரணிக்கு கார்னர் கிடைத்தால் தன் கோல் முகத்துக்கே வந்து பந்தை வெளியேற்றுவார். பெருவுக்கு எதிராக அவர் அடித்து, எதிராளி மேல் பட்டுத் திசைமாறிய பந்தைத்தான் எம்பாப்பே கோலுக்குள் தட்டினார். அர்ஜென்டினாவை 4-3 என வீழ்த்திய ஆட்டத்தில் எம்பாப்பேயின் இரண்டாம் கோலுக்கு வழி திறந்ததும் ஜிரூவின் பாஸ்தான்.

பிரான்ஸ் கோப்பை வென்ற 1998-இலும் இதே கதை. முதன்மை ஸ்ட்ரைக்கர் கிவார்ஷ் ஒரு கோலும் அடிக்கவில்லை. பராகுவேயை பிளாங்க் முடித்தார், குரோஷியாவைத் துராம் முடித்தார், இறுதிப் போட்டியில் சிடான் இரண்டும் பெட்டி ஒன்றும் அடித்தார்கள். இதை வைத்து ஸ்ட்ரைக்கருக்குக் கோல் தேவையில்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்தத் தொடர் முழுவதிலும் பிரான்ஸ் வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு. கோல் அடிக்காத ஸ்ட்ரைக்கரைச் சுமக்கும் வசதி, கோல் வாங்காத அணிக்குத்தான் உண்டு.

கேள்வி: அடுத்த உலகக் கோப்பையில் தங்கக் காலணி யாருக்கு?

பதில்: ஆரூடம் என் எல்லைக்கு வெளியே என்று சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஃபார்மில் இல்லாத நட்சத்திரத்துக்காகப் பயிற்சியாளர் எத்தனை ஆட்டங்கள் காத்திருக்கலாம்?

பதில்: காத்திருந்து வென்றவர்களும் உண்டு, காத்திராமல் வென்றவர்களும் உண்டு. ரோசி, சூதாட்ட விவகாரத்தில் ஈராண்டுத் தடையை முடித்து, தொடருக்குச் சில வாரங்களுக்கு முன்தான் களத்துக்குத் திரும்பியிருந்தார். இத்தாலி முதல் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் டிராவாக்கித் தட்டுத்தடுமாறித் தேறியது. நான்காம் ஆட்டத்திலும் அவருக்குக் கோல் இல்லை. இத்தாலியப் பத்திரிகைகள் பொரிந்து தள்ளியபோதும் பயிற்சியாளர் பேர்சோட் அசையவில்லை. 1982 ஜூலை 5 அன்று பார்சிலோனாவில் பிரேசிலுக்கு எதிராக ஹாட்ரிக், அரையிறுதியில் போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக முதல் கோல்.

மறுபக்கம் 2022 அர்ஜென்டினா. சவூதி அரேபியாவிடம் தோற்ற அணியில் லௌதாரோ மார்டினெஸ்தான் ஸ்ட்ரைக்கர். மூன்றாம் ஆட்டத்தில் பயிற்சியாளர் ஸ்கலோனி அவரை நீக்கி ஹூலியன் அல்வாரெஸை இறக்கினார், அல்வாரெஸ் நான்கு கோல்களுடன் தொடரை முடித்தார். அல்வாரெஸ் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களை ஓயாமல் துரத்தியதால் மெஸ்ஸி நடந்தபடியே ஆட்டத்தைப் படிக்க முடிந்தது. மாற்றத்தின் உண்மையான லாபம் அந்த ஓட்டத்தில் இருந்தது. ஒதுக்கப்பட்ட லௌதாரோதான் நெதர்லாந்துக்கு எதிரான ஷூட்-அவுட்டில் வெற்றிப் பெனால்டியை அடித்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

பேர்சோட் காத்திருந்தது அறிவா, அதிர்ஷ்டமா என்று கேட்டால், இரண்டும் என்பேன். ஏழே ஆட்டங்கள் கொண்ட தொடரில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட எவராலும் முடியாது.

கேள்வி: மெஸ்ஸியா, ரொனால்டோவா?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி: 2022-இல் கிறிஸ்டியானோ ரொனால்டோவைச் சுவிட்சர்லாந்துக்கு எதிராக உட்கார வைத்தது சரியா? அதனால்தானே போர்ச்சுகல் மொராக்கோவிடம் தோற்றது?

பதில்: உங்கள் கேள்வியின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அவரை உட்கார வைத்த ஆட்டத்தில் போர்ச்சுகல் 6-1 என வென்றது. அவருடைய இடத்தில் ஆடிய கொன்சாலோ ராமோஸ் ஹாட்ரிக் அடித்தார். மொராக்கோவிடம் 1-0 எனத் தோற்ற ஆட்டத்தில் ரொனால்டோ இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே, 51-ஆம் நிமிடத்தில், களத்துக்கு வந்துவிட்டார். எஞ்சிய நேரத்தில் அணியால் சமன்செய்ய இயலவில்லை. அந்தத் தொடரில் அவர் அடித்தது கானாவுக்கு எதிரான ஒரு பெனால்டி. 2022 வரை ஐந்து உலகக் கோப்பைகளில் அவருக்கு 8 கோல்கள் உண்டு. தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் ஆட்டங்களில் ஒன்றும் இல்லை.

கேள்வி (அதே நண்பர்): உலகக் கோப்பையை மட்டும் பேசுகிறீர்கள். 2016 யூரோவில் (ஐரோப்பியக் கோப்பையில்) ஹங்கேரிக்கு எதிராக இரண்டு கோல் அடித்து அணியைக் காப்பாற்றியவர் யார்? அரையிறுதியில் வேல்ஸை வீழ்த்தியவர் யார்?

பதில்: ரொனால்டோதான், ஒப்புக்கொள்கிறேன். ஹங்கேரியுடனான 3-3 டிரா இல்லையென்றால் போர்ச்சுகல் குழுச் சுற்றிலேயே வீடு திரும்பியிருக்கும். யாருக்கு எதிராக, ஸ்கோர் என்ன என்ற என்னுடைய அளவுகோலின்படியே அவை கனமான கோல்கள். ஆனால் இறுதிப் போட்டியில் அவர் காயமுற்று 25-ஆம் நிமிடத்தில் வெளியேறினார். கூடுதல் நேரத்தில் எடேர் என்ற மாற்று வீரர் அடித்த கோலில் போர்ச்சுகல் கோப்பையை வென்றது.

கேள்வி (இன்னொருவர்): ஐரோப்பிய அணிகளின் 2025 நேஷன்ஸ் லீக்கை ஏன் மறைக்கிறீர்கள்? நாற்பது வயதில் ஜெர்மனிக்கு எதிராக வெற்றிக் கோலும், இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராகச் சமன்செய்த கோலும் அடித்தார்.

பதில்: மறைக்கவில்லை, என்னிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டுமே மதிப்புள்ள கோல்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 2024 யூரோவில், ஐந்து ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்து ஆடி ஒரு கோலும் அடிக்காதவரும், ஸ்லோவேனியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் பெனால்டியைத் தவறவிட்டவரும் அவரேதான். ஒருவரே இரண்டாகவும் இருக்க முடியும். என் வாதம் அவருடைய தகுதியைப் பற்றியது அன்று. மற்ற பத்துப் பேரும் அவரைத் தேடியே பந்தை அனுப்பும் பழக்கத்தைப் பற்றியது. பெயர் பெரிதாகும்போது நடுகள வீரர் எளிய பாஸை விட்டுவிட்டு நட்சத்திரத்தின் காலைத் தேடுகிறார். எதிரணிப் பயிற்சியாளர் அதற்காகவே காத்திருக்கிறார்.

கேள்வி: எனக்கு முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. ரொனால்டோ (பிரேசில்) போல மீண்டு வர என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: எலும்பு மூட்டு மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் பாருங்கள்; என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: அதிகக் கோல் அடித்தவரின் அணிதானே பெரும்பாலும் கோப்பையை வெல்லும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நட்சத்திரம் தொடருக்குச் சற்று முன்பு காயமடைந்தால் பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவர் இல்லாத அணியை முன்கூட்டியே ஆடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும், காயத்துக்குப் பிறகு யோசிப்பது தாமதம். 2018-இல் எகிப்தின் சலா தோள்பட்டைக் காயத்தால் உருகுவேக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஆடவில்லை, எகிப்து 1-0 எனத் தோற்றது. அடுத்த இரண்டிலும் ஆடித் தலா ஒரு கோல் அடித்தார். எகிப்து அவற்றிலும் தோற்றது. அந்த அணியின் பிரச்சினை அவருடைய தோள்பட்டையைவிடப் பெரியது. 2023 மகளிர் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் சாம் கெர் கெண்டைக்கால் காயத்தால் குழுச் சுற்று முழுவதும் ஆடவில்லை. நைஜீரியாவிடம் 3-2 எனத் தோற்று விளிம்புக்கு வந்த அணி, கனடாவை 4-0 எனச் சாய்த்து அரையிறுதி வரை சென்றது. கோல் அடிக்கும் பொறுப்பு அங்கே பலரிடம் பிரிந்திருந்தது.

கேள்வி: ஆட்டத்தின் கடைசிப் பெனால்டியை நட்சத்திரமே அடிக்க வேண்டுமா?

பதில்: அதே தொடரில் இரண்டு பெனால்டிகளைக் கோலாக்கியிருந்த கானாவின் அசமோவா கியான்தான், 2010 காலிறுதியில் உருகுவேயின் சுவாரெஸ் கையால் தடுத்ததற்குக் கிடைத்த பெனால்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். சில நிமிடங்களில் தொடங்கிய ஷூட்-அவுட்டில் கானாவின் முதல் பெனால்டியை எடுத்துக் கோலும் அடித்தார். அந்தத் துணிவு என்னை இன்றும் வியக்கவைக்கிறது. நட்சத்திரம் அடிக்கட்டும். தவறினால், தேர்வே தவறு என்று பிறகு பேசாதீர்கள்.

கேள்வி: இந்திய அணியில் அப்படி ஒரு ஸ்ட்ரைக்கர் ஒரு தொடரையே மாற்றியதுண்டா?

பதில்: உண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசா, போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவுக்கு எதிராகவே ஹாட்ரிக் அடிக்க, ரஹீம் பயிற்றுவித்த அணி 4-2 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. யூகோஸ்லாவியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்திலும் முதல் கோல் அவருடையது. இந்தியா தோற்று, நான்காம் இடத்தில் முடித்தது. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்துக்கு எதிரான 4-1 வெற்றியில் சுனில் சேத்ரி இரண்டு அடித்தார். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் இந்தியா கோலின்றித் தோற்று வெளியேறியது. 2024 ஜனவரியில் நடந்த அடுத்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் அணிக்கு ஒரு கோலும் இல்லை. சேத்ரிக்கு அடுத்து யார் என்ற கேள்வி, அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே கேட்கப்பட்டிருக்க வேண்டியது.

கேள்வி (போர்ச்சுகல் நண்பர்): குறை சொல்வது எளிது. வயதான நட்சத்திரத்தை நீங்கள் எப்படிப் பயன்படுத்துவீர்கள்?

பதில்: இதுதான் நீங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 1990-இல் கேமரூனின் ரோஜர் மில்லாவுக்கு வயது 38. அந்தத் தொடரில் அவர் ஓர் ஆட்டத்தையும் தொடங்கவில்லை. எல்லாவற்றிலும் மாற்று வீரராகவே வந்தார். ருமேனியாவுக்கு எதிராக இரண்டு கோல்; பிறகு கொலம்பியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில், சில நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு. அவற்றில் இரண்டாவது, கோல் முகத்தை விட்டு வெகுதூரம் வந்து பந்தோடு விளையாடிக்கொண்டிருந்த கோல்கீப்பர் இகீட்டாவின் காலிலிருந்து பறித்தது. காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இடைவேளைக்குப் பின் வந்தவர், ஒரு பெனால்டியை ஈட்டித் தந்து, எகெக்கேயின் கோலுக்கு வழியும் அமைத்து, பின்தங்கியிருந்த கேமரூனை 2-1 என முன்னிலைக்குக் கொண்டுவந்தார். லினேகரின் இரண்டு பெனால்டிகளால் அந்த ஆட்டம் கைநழுவியது. களைத்த தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக, கடைசி முப்பது நாற்பது நிமிடங்களுக்கு, புதிய கால்களோடு ஓர் அனுபவசாலி. நான் போர்ச்சுகலின் பயிற்சியாளராக இருந்திருந்தால் 2024 யூரோவில் இதைத்தான் செய்திருப்பேன், உங்கள் வசவுகளையும் வாங்கிக்கொண்டிருப்பேன்.