நிர்வாகியாக நியமிக்கப்பட்ட அண்ணன் வீட்டை விற்க முடியுமா?

கேள்வி: என் தந்தை உயில் எழுதாமல் காலமானார். அவர் சுயமாகச் சம்பாதித்த வீடும் வங்கி வைப்புத்தொகையும் உள்ளன. அம்மா, அண்ணன், நான் ஆகியோரே வாரிசுகள். அம்மாவும் நானும் ஒப்புதல் பிரமாணப் பத்திரம் கொடுத்ததன்பேரில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றம் அண்ணனை நிர்வாகியாக நியமித்தது. அவர் இதுவரை கணக்கு காட்டவில்லை. இப்போது வீட்டை விற்க முன்பணம் வாங்கிவிட்டார். கேட்டால், நீதிமன்றமே தனக்கு அதிகாரம் கொடுத்துவிட்டது என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்று எடுத்துக்கொண்டால், அந்த வீட்டில் மூவருக்கும் சம பங்கு உண்டு. அண்ணனை நியமிக்க நீங்கள் கொடுத்த ஒப்புதல் அந்தப் பங்கை விட்டுக்கொடுத்ததாகாது. அதற்குப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் வேண்டும்.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 211-இல், இறந்தவரின் சொத்து நிர்வாகியைச் சாரும் என்று சொல்வது உண்மைதான். ஆனால் அவர் நிர்வாகி என்ற நிலையில் மட்டுமே அது அவரைச் சாருகிறது. சொத்துகளைத் திரட்டி, ஈமச்செலவையும் நீதிமன்றச் செலவையும் கடன்களையும் தீர்த்து, மீதியை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதே அவர் வேலை. ஆகவே தந்தைக்குக் கடன் ஏதும் இருந்து அதை அண்ணன் அடைத்திருந்தால், அத்தொகையைக் கழித்த பின்னரே உங்கள் பங்கைக் கேட்க முடியும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

விற்பனையைப் பொறுத்தவரை, நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் நிர்வாகி அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானமாகக் கொடுக்கவோ, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ கூடாது என்று பிரிவு 307 தடுக்கிறது. இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அனுமதியின்றி நடந்த கிரயம் தானாகவே செல்லாமல் போய்விடாது. சொத்தில் உரிமையுள்ள ஒருவர் எதிர்த்து வழக்காடினால்தான் அது ரத்தாகும். நீங்கள் பேசாமல் இருந்தால் அந்தக் கிரயம் நிலைத்துவிடும் அபாயம் இருக்கிறது. எனவே பத்திரப் பதிவுக்கு முன்பே, நியமன ஆணை பிறப்பித்த நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கோரி மனுச் செய்யுங்கள். வாங்க இருப்பவருக்கும் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி, அனுமதி இல்லாத விவரத்தைத் தெரிவியுங்கள்.

கணக்கு விஷயத்தில் அண்ணனின் நிலை பலவீனமானது. நியமனம் பெற்ற ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் அவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும் (பிரிவு 317). தக்க காரணமின்றி, வேண்டுமென்றே அதைத் தவிர்த்திருந்தால், நியமனத்தையே ரத்து செய்யப் பிரிவு 263 இடமளிக்கிறது. சொத்தைத் தவறாகக் கையாண்டு இழப்பு ஏற்படுத்தியிருந்தால், அதை அவரே ஈடு செய்ய வேண்டும். எனினும், முதலில் கணக்கைத் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு கேட்பதையே நான் பரிந்துரைப்பேன். பல குடும்பங்களில் அந்த உத்தரவே பேச்சுவார்த்தைக்கு வழிவிடுகிறது.

மனுச் செய்வதற்கு முன், நியமன ஆணையின் சான்றிட்ட நகலை வாங்கி, விற்பனைக்கு ஏற்கெனவே அனுமதி வழங்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகி எழுதிக் கொடுத்த பிணைப் பத்திரத்தின் நகலையும் பெறுங்கள். அதன் நிபந்தனைகள் மீறப்பட்டிருந்தால், நீதிமன்றம் அந்தப் பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தர, அதன்பேரில் இழப்பீடு கோரி வழக்கிடவும் வழியுண்டு.